பழைய டிஸ்க்கின் பணி ஓய்வு விழா

உலகத்தில் பல நாடுகள் இன்னமும் கையைத் தூக்கி வாக்களித்துத்தான் முடிவெடுக்கின்றன என்று கேள்விப்படும்போது எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. கையைத் தூக்கினால் சட்டையின் அக்குள் கிழிசல் தெரியும். தூக்காதவன் யார் என்பதும் தெரிந்துவிடும். இரண்டுமே அநாகரிகம். எங்கள் சோலோ நகரத்தில், அதிலும் நாற்பத்து மூன்று வீடுகள் சேர்ந்த எங்கள் 'எர்த்தே' என்னும் பேட்டைச் சங்கத்தில், அந்தக் காட்டுமிராண்டித்தனம் ஒருநாளும் நடந்ததில்லை. நாங்கள் கூடிப் பேசுவோம். எல்லோருக்கும் ஒரே கருத்து வரும்வரை பேசுவோம். அந்த ஒரே கருத்து யாருடையது என்று வெளியூர்க்காரர்கள் சிலர் கேட்கிறார்கள். தலைவருடையதுதான், வேறு யாருடையது?

அப்படி நாங்கள் எடுத்த முடிவுகளிலேயே மிகப் பெரியதைப் பற்றிச் செயலாளன் என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறேன். வீட்டில் வைத்துப் புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டருக்குப் பழைய ஹார்ட் டிஸ்க் இன்னமும் தேவையா, இல்லையா? உலகமெங்கும் இளைஞர்கள் இந்தக் கேள்விக்காக இணையத்தில் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் மூன்றே கூட்டத்தில் தீர்த்துவைத்தோம். மூன்று கூட்டத்திலும் தின்பண்டப் பெட்டி வேறு வேறு.

முதலில் எங்கள் தலைவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பாக் ப்ரமுதியோ. ஓர் அரசு அலுவலகத்தில் துணைப் பிரிவின் துணைத் தலைவருக்குத் துணையாக முப்பது வருடம் இருந்தவர். ஓய்வுபெற்ற மறுநாளே எங்கள் சங்கத்துக்குத் தலைவரானார். இது அவருக்கு ஐந்தாவது முறை. ஒவ்வொரு முறையும், "புதுசா யாராவது வரணுங்க, நான் போதும்" என்று கண்கலங்குவார். "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க பாக்" என்று நாங்களும் கண்கலங்குவோம். அதோடு தேர்தல் முடிந்துவிடும்.

எங்கள் ஊர்ப் பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரியவர்களை 'பாக்', 'இபு' என்போம்; அண்ணன் முறைக்கு 'காங்', 'மாஸ்', அக்கா முறைக்கு 'எம்பாக்'; மொட்டைப் பெயர் சொல்வது மரியாதையில்லை. சோலோவில் யாரும் யாரிடமும் 'இல்லை' என்று சொல்லமாட்டோம். எல்லாவற்றுக்கும் 'சரிங்க'தான். கடன் கேட்டாலும் சரிங்க, காலை மிதித்தாலும் சரிங்க. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறவன் வெளியூர்க்காரன் என்று உடனே கண்டுபிடித்துவிடலாம்.

இனி விஷயம். சங்கக் கொட்டகையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. காவல் குடிலில் மாட்டிய கேமராவின் படத்தை இரவும் பகலும் வாங்கிச் சேர்த்துவைப்பது அதன் வேலை. பெரும்பாலும் பூனைகள்தான் சிக்கும். போன மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் இடி விழுந்து அது அணைந்துபோயிற்று. அதே நாள் காலையில் இன்னொரு சின்ன விஷயமும் நடந்திருந்தது. காங் வாகிமினின் பக்சோ வண்டி நொறுங்கியது.

காங் வாகிமின் வொனொகிரிப் பக்கத்துக்காரர். எங்கள் சந்தின் கோடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கைவண்டியில் இறைச்சி உருண்டை சூப் விற்பவர். கிண்ணத்தில் கரண்டியால் 'டிங் டிங்' என்று தட்டிக்கொண்டு அவர் வந்தால்தான் எங்கள் பேட்டைக்குச் சாயங்காலம். ஊரில் மனைவியும் படிக்கிற பிள்ளைகள் இரண்டும் அந்த வண்டியை நம்பித்தான் இருந்தார்கள். இரவில் வண்டியைக் காவல் குடிலுக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்கத் தலைவரே அனுமதி கொடுத்திருந்தார். அன்று காலை அவர் நூடுல்ஸ் வாங்கச் சந்தைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், வண்டி வண்டியாக இல்லை. அதே காலையில் தலைவருடைய வெள்ளைக் காரின் பின்விளக்கும் உடைந்து போயிருந்தது. தற்செயல்கள் சில நாட்களில் கூட்டமாக வரும்.

உடனே 'உண்மையறியும் கூட்டம்' கூட்டினோம்.

"காத்துதான்" என்றார் தலைவர். "அன்னிக்குக் காலையில காத்து ரொம்ப பலமா இருந்துச்சு."

"பேய்க்காத்து, மாமா" என்றான் மாஸ் ரேனோ. தலைவரின் தங்கை மகன். கைபேசிக்கு உறை விற்பவன் என்பதால் சங்கத்தின் 'தொழில்நுட்பப் பிரிவு' அவனிடம் இருக்கிறது.

"எந்தப் பக்கத்துலேர்ந்து அடிச்சுது?" என்று கேட்டாள் எம்பாக் நிகேன். வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து பிழைக்கும் பெண். தொழில்நுட்பப் பிரிவில் அவளுக்கு இடமில்லை.

"பின்பக்கத்துலேர்ந்து" என்றான் ரேனோ.

எல்லோரும் அவரவர் தேநீரைப் பார்த்தோம். தலைவர் என் பக்கம் திரும்பினார். "பாக் சுக்மோ, உங்க வீடு நேரெதிர்ல. நீங்க என்ன பார்த்தீங்க?"

"நான் என் புறாவைப் பார்த்துட்டு இருந்தேங்க" என்றேன். பாடும் புறா வளர்க்கிறவன் காலையில் கூண்டைத் தூக்கிக் கம்பத்தில் மாட்டும்போது உலகமே தெரியாது என்பது இங்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

"காங், உங்களுக்கும் சம்மதம்தானே?" என்று தலைவர் கனிவோடு கேட்டார்.

காங் வாகிமின் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். வாடகைக்கு இருப்பவர்கள் பேட்டையில் தங்குவதற்கு வருடா வருடம் தலைவர் கையெழுத்துப் போடவேண்டும். "சரிங்க" என்றார்.

காற்று என்று ஒருமனதாக முடிவானதால் நிவாரணமும் காற்றுக்குரியதாகவே அமைந்தது: கொஞ்சம் அரிசியும் ஒரு குடையும். அன்றுமுதல் அவர் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியில் சூப்பை ஊற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு விற்றார். வாளியில் அடுப்பு இல்லை, சூப் ஆறிவிடும். ஆறிய பக்சோவை யார் வாங்குவார்கள்? நாங்களே வாங்கவில்லை. எனக்கு மனது கஷ்டமாக இருந்தது என்பதையும், அந்தக் கஷ்டத்தை யாருக்கும் தொந்தரவில்லாமல் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

சங்கத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று தீர்மானமாகி, நிகேனிடம் வேலையை ஒப்படைத்தோம். அவள் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாகங்களைப் பரப்பி அசெம்பிள் செய்து கொண்டுவந்தாள். ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி எரியும் விளக்குகள். விளக்கு ரேனோவின் யோசனை. விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டர் வேகமாக ஓடும் என்று அவன் சொன்னதைச் சங்கம் ஏற்றுக்கொண்டிருந்தது.

"இதுதான் புது எஸ்.எஸ்.டி." என்று சூயிங்கம் பட்டை அளவு இருந்த ஒன்றைக் காட்டினாள் நிகேன். "ஆன் பண்ணா கண் மூடித் திறக்கறதுக்குள்ள எழுந்திரிச்சிடும். அப்புறம், பழைய ஹார்ட் டிஸ்க்கையும் இதோட மாட்டிடறேன். இடி விழுந்ததுல மதர்போர்டுதான் போச்சு. டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல."

தலைவர் வாழையிலையைப் பிரித்து லெம்பரைக் கடித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் ஆகலன்னா?"

"அதுல இருந்ததெல்லாம் அப்படியே இருக்குங்க, பாக். இடி விழுந்த நாள் வரைக்கும்."

லெம்பர் என்பது ஒட்டும் அரிசியில் செய்வது. தொண்டையில் ஒட்டினால் லேசில் இறங்காது. இபு ப்ரமுதியோ ஓடிவந்து கணவரின் முதுகைத் தட்டினார். தண்ணீர் குடித்து மூச்சு வாங்கியபின் தலைவர் சொன்னார்: "இது பெரிய தொழில்நுட்ப விஷயம். அவசரப்படக் கூடாது. கூடிப் பேசணும்."

இப்படித்தான் எங்கள் பேட்டையில் அறிவியல் பிறந்தது.

ரேனோ அங்கேயே எழுந்தான். "பாக், பழைய டிஸ்க்குக்குள்ள தட்டு மாதிரி ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கும். இப்ப நவீன உலகத்துல எதுவுமே சுத்தறது இல்ல."

"பூமி?" என்றாள் நிகேன்.

"அது வேற டிபார்ட்மென்ட்."

நிகேன் பொறுமையாகச் சொன்னாள்: "கேமரா ராத்திரி பகலா ஓடுதுங்க. புதுசு வேகம், ஆனா சின்னது. அதுல படத்தைக் கொட்டினா ஒரே வாரத்துல ரொம்பிடும். பழசு மெதுவு, ஆனா கொள்ளளவு பெருசு. படத்துக்கு வேகம் எதுக்கு? ஓட்டறதுக்குப் புதுசு, சேர்த்துவைக்கப் பழசு. பெட்டியில இடம் இருக்கு, ஒயர் இருக்கு, ரெண்டு திருகு போட்டா முடிஞ்சது. தம்பிடி செலவில்ல."

ஒரு கூட்டத்தில் இத்தனை தெளிவாகப் பேசுவது ஆபத்து. எல்லோருக்கும் புரிந்துவிட்டால் அப்புறம் எதைக் கூடிப் பேசுவது? தலைவர் நிலைமையைக் காப்பாற்றினார். "ரொம்ப அருமையா சொன்னீங்க, எம்பாக். இதை அடுத்த கூட்டத்துல வெச்சுக்குவோம்."

அடுத்த கூட்டத்துக்குத் தலைவர் நன்றாகத் தயாராகி வந்திருந்தார். டிஸ்க்கை ஒயரில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொன்னார். நிகேன் மாட்டினாள். அது முதலில் 'கிர்ர்ர்' என்றது. பிறகு 'கடக், கடக்' என்றது.

"கேட்டீங்களா?" என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி. "யாரையோ எதிர்த்துப் பேசற மாதிரி இல்ல? நம்ம ஊர்ல இப்படிப் பேசலாமா?"

"தூங்கற குழந்தை எந்திரிச்சிடும்" என்றார் இபு ப்ரமுதியோ. கொட்டகையில் குழந்தை தூங்குவது வழக்கமில்லை என்றாலும் எல்லோரும் அந்தக் குழந்தைக்காக வருந்தினோம்.

"வயசும் ஆயிடுச்சு" என்றார் தலைவர்.

"வயசானா வெளிய அனுப்பிடணுமா, பாக்?" என்று நிகேன் மிகவும் பணிவாகக் கேட்டாள்.

அறுபத்தெட்டு வயதுத் தலைவர் தம் ஐந்தாவது பதவிக்காலத்தை ஒருமுறை நினைத்துப் பார்த்திருக்கவேண்டும். "டிஸ்க்குக்குச் சொன்னேன்" என்றார்.

"எல்லாத்தையும் கிளவுட்ல ஏத்திடலாம், பாக்" என்றான் ரேனோ, மேலே கையைக் காட்டி. "மேகத்துல வெச்சா நம்மகிட்ட எதுவும் இருக்க வேண்டியதில்ல."

"இடி அங்கேருந்துதானேப்பா விழுந்துச்சு?" என்று இபு ப்ரமுதியோ கவலைப்பட்டார். இந்தக் கேள்விக்குத் தொழில்நுட்பப் பிரிவு எழுத்து மூலம் பதிலளிக்கும் என்று கூறிக் கூட்டத்தை முடித்தோம்.

இதற்கிடையில் காங் வாகிமின் எந்தக் கூட்டத்தையும் விடவில்லை. கடைசி வரிசையில், கதவோரம், வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் நிகேன் அந்த டிஸ்க்கை மேசைமேல் வைக்கும்போதெல்லாம் அதையே பார்ப்பார். தன் வண்டி அதற்குள்தான் இன்னும் முழுசாக நிற்கிறது என்பதுபோல் பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. தின்பண்டத்தின் ருசியைக் கெடுத்தது.

மூன்றாவது கூட்டத்தில் கருத்து கனிந்துவிட்டது. "ஆகவே, புதுக் கம்ப்யூட்டருக்குப் பழைய டிஸ்க் தேவையில்லை" என்று தலைவர் அறிவித்தார். மரபுப்படி மூன்று முறை கேட்டார்.

"சம்மதமா?"

"சம்மதம்!"

"சம்மதமா?"

"சம்மதம்!"

"சம்மதமா?"

"சம்மத...ம்!" மூன்றாவது முறை பாட்டு மாதிரி இழுக்கவேண்டும், பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். காங் வாகிமினின் உதடும் அசைந்தது.

"சரிங்க" என்றாள் நிகேனும். டிஸ்க்கை உறையில் போட்டாள். பிறகு போகிறபோக்கில் சொல்வதுபோல், "அப்படின்னா விழா என்னிக்குங்க, பாக்?" என்றாள்.

"என்ன விழா?"

"பதினோரு வருஷம் சங்கத்துக்கு உழைச்சிருக்கு. சும்மா எடுத்துக் கடாசிட முடியுங்களா? தண்ணி பம்புக்கே செஞ்சோமே."

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். உழைத்து ஓய்ந்தவர்களை விழா இல்லாமல் அனுப்புவது எங்களுக்குப் பாவம். தபால்காரர், பள்ளி ஆசிரியை, காவலாளி என்று யார் ஓய்வு பெற்றாலும் மேடை, மாலை, மஞ்சள் சோற்றுக் கூம்பு, படக்காட்சி எல்லாம் உண்டு. படக்காட்சியில் அவருடைய முதல் நாள் வேலையும் கடைசி நாள் வேலையும் கட்டாயம் வரவேண்டும். கடைசி நாள் வரும்போதுதான் பெண்கள் அழுவார்கள். அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் பேட்டையின் பழைய தண்ணீர் பம்பு ஓய்வு பெற்றபோது தலைவர் அதற்கும் விழா எடுத்தார். அது கடைசி முறையாக இருமி ஒரு கை சேற்றைக் கக்கிய காட்சியைத் திரையில் பார்த்து, தண்ணீர் வராமல் அதைச் சபித்தவர்கள்கூட விம்மினார்கள். அன்று தலைவர் நிகழ்த்திய உரை இன்னும் அவர் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. 'பம்பு' என்ற இடத்தில் 'டிஸ்க்' என்று மாற்றினால் போதும்.

தலைவரின் முகத்தில் இரண்டு ஆசைகள் சண்டை போட்டதைப் பார்த்தேன். உரையாசை ஜெயித்தது. "செய்வோம்" என்றார். பிறகு நிகேனைத் தனியே அழைத்து, "நல்ல படமா மட்டும் போடும்மா. சுதந்திர தின விளையாட்டு, பூனை, இந்த மாதிரி" என்றார்.

"சரிங்க" என்றாள் நிகேன்.

சோலோவில் பிறந்து, சோலோவில் வளர்ந்து, பிறருடைய 'சரிங்க'வை வைத்தே ஐந்து முறை தலைவரான ஒருவர், அந்த ஒரு 'சரிங்க'வைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினார். பெரியவர்களுக்கும் சில நாள் சறுக்கும்.

விழாவுக்குப் பேட்டையே வந்திருந்தது. வாசலில் 'இனிய பணி ஓய்வு வாழ்த்துகள்! உங்கள் சேவையை நாங்கள் மறக்கமாட்டோம்!' என்று பெரிய பதாகை. மேடையில் மெழுகுச் சாயமிட்ட பத்திக் துணி விரித்த தலையணை. தலையணைமேல் டிஸ்க். டிஸ்க்மேல் மல்லிகைச் சரம். ஒரு பக்கம் ஒயர் போய்ப் புதுக் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது. விளக்குகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று கோலாகலமாக எரிந்தன.

தலைவர் பேசினார். "ஓய்வு என்பது முடிவல்ல; தொடக்கம். இன்று விடைபெறும் நம் அன்பிற்குரிய டிஸ்க், ஊருக்குத் தண்ணீர் வழங்குவதில்..." அந்த இடத்தை மாற்ற மறந்துவிட்டார் போலிருக்கிறது. யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஓய்வு பெறுபவருக்கு வழக்கமாகக் கொடுக்கும் சுவர்க் கடிகாரம் வழங்கப்பட்டது. டிஸ்க்குக்கு மணி பார்க்கத் தெரியாது என்பதால் தலைவரே அதைத் தம் வீட்டில் பத்திரப்படுத்த முன்வந்தார்.

பிறகு படக்காட்சி. முதல் நாள்: கேமராவைத் தலைகீழாக மாட்டியிருந்ததால் தலைகீழான ஒரு பூனை. எல்லோரும் சிரித்தோம். அப்புறம் சுதந்திர தினத்தில் வழுக்குமரம் ஏறிய ரேனோ பாதியில் கால்சட்டையை மட்டும் மேலே விட்டுவிட்டுக் கீழே வந்த காட்சி. சாக்கு ஓட்டத்தில் இபு ப்ரமுதியோ முதலாவதாக வந்தது. எவ்வளவு சந்தோஷம்! சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. திரை இருண்டது. தலைவர் கூம்புச் சோற்றை வெட்டக் கத்தியை எடுத்தார்.

"மன்னிக்கணுங்க."

கடைசி வரிசையிலிருந்து வந்தது குரல். காங் வாகிமின் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கை கட்டியிருந்தது.

"வழக்கமா கடைசி நாளும் காட்டுவோமுங்களே, பாக். பம்புக்குக்கூடக் காட்டுனோமே."

முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்த ஓர் அம்மாள், "ஆமா, கடைசி நாள் எங்க?" என்றாள். "கடைசி நாள் பார்க்காம எப்படி?" என்று இன்னும் இரண்டு பேர். எல்லோரும் இனிமையாகத்தான் கேட்டார்கள். இனிமையாகக் கேட்பதை மறுக்க எங்கள் ஊரில் ஒரு சொல்லும் கிடையாது. கத்தி தலைவர் கையிலேயே நின்றது.

"சரிங்க" என்றார் தலைவர்.

அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நிகேன் ஒரு பட்டனைத் தட்டினாள். டிஸ்க் 'கடக், கடக்' என்றது.

காலை வெளிச்சம். காவல் குடில் வாசல். பக்கத்தில் நீல வண்ணமடித்த வண்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் கிண்ணங்கள் அடுக்கியபடி. காங் வாகிமின் 'ஸ்' என்று மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. திரையில் இபு ப்ரமுதியோ வந்து கேட்டருகே நின்று, 'வா, வா, இன்னும் வா' என்று பின்னால் கையசைக்கிறார். வெள்ளைக் கார் வருகிறது. இன்னும் வருகிறது. வண்டி அப்பளமாக நொறுங்குகிறது. பெரிய பானை உருண்டு போகிறது. முந்தின நாளே பிடித்துவைத்த உருண்டைகள் சந்தெல்லாம் ஓடுகின்றன. தலைவர் இறங்குகிறார். வண்டியைப் பார்க்கவில்லை, தம் பின்விளக்கைப் பார்க்கிறார். தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, ஓடிவந்த உருண்டைகளைத் துடைப்பத்தால் சாக்கடைக்குள் தள்ளுகிறார். ரேனோ கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கிறான். தன் முகமும் வரும்படி பிடிக்கிறான். மாடியில் இரண்டு பேர். கேட்டோரம் மூன்று பேர். எல்லோரும் பார்க்கிறார்கள். எதிர்வீட்டுக் கம்பத்தருகே ஒருவர் புறாக்கூண்டோடு நிற்கிறார். வாய் திறந்திருக்கிறது. கூண்டின்மேல் இரவில் போர்த்திய துணி இன்னும் எடுக்கப்படவில்லை.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. சத்தம் வராமல், மெதுவாக, மரியாதையாக மூடுகின்றன. கடைசியில் சந்தில் யாருமில்லை. சங்கத்தின் கொடிக்கம்பத்தில் கொடி, ஈரத்துணிபோல் தொங்குகிறது, கொஞ்சம்கூட அசையவில்லை.

திரை நின்றது. இந்த முறை பெண்கள் யாரும் அழவில்லை. கைக்குட்டை அம்மாள் அதை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். காரணம், மாடியில் நின்ற இரண்டு பேரில் அவள் ஒருத்தி.

"படம் அவ்வளவு தெளிவில்ல" என்றார் தலைவர். காரின் எண் கடைசி வரிசைவரை தெரிந்தது.

"பழைய டிஸ்க் இல்லையா, மாமா" என்றான் ரேனோ. "பழைய டிஸ்க்ல காத்தெல்லாம் கார் மாதிரிதான் தெரியும்."

தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அதனாலதான் நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன். இந்த டிஸ்க் நமக்குத் தேவையில்ல. சம்மதமா?"

"சம்மதம்!" என்று கொட்டகை அதிர்ந்தது. இத்தனை உள்ளன்போடு நாங்கள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. தங்கள் முகத்தைத் திரையில் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட உரக்கச் சொன்னார்கள்.

ஒருமனது என்றால் ஒருமனது. ஒரு குரல் குறைந்தாலும் செல்லாது. தலைவர் கடைசி வரிசையைப் பார்த்தார். "காங்?"

காங் வாகிமின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கட்டிய கையை அவிழ்க்காமலே சொன்னார்:

"எனக்கும் சம்மதமுங்க, பாக். டிஸ்க் எதுக்குங்க? அதான் நீங்க எல்லாரும் அங்க நின்னு பார்த்திருக்கீங்களே."

ஒருமனதாகிவிட்டது. இனி என் முறை. தீர்மானத்தை உரக்கப் படிப்பது செயலாளனின் கடமை. தீர்மானத்தோடு காரணத்தையும் சேர்த்துப் படிப்பது மரபு. நான் எழுந்தேன். கூண்டுத் துணி கண்ணெதிரே நின்றது.

"பாக் ப்ரமுதியோவின் கார் காங் வாகிமினின் வண்டியை இடித்ததை நேரில் பார்த்தவர்கள் ஒன்பது பேர் இந்தச் சபையிலேயே இருப்பதால், புதுக் கம்ப்யூட்டருக்குப் பழைய டிஸ்க் தேவையில்லை என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது" என்று படித்தேன். மரபுப்படிக் கேட்டேன். "சம்மதமா?"

முதல் தடவை யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் தடவை நிகேன் மட்டும் சொன்னாள். மூன்றாம் தடவை பள்ளிக்கூடத்துப் பழக்கம் எங்களை விடவில்லை. "சம்மத...ம்" என்று கொட்டகை இழுத்தது. தலைவரின் வாயும் தன்னையறியாமல் அசைந்தது, முன்வரிசையே பார்த்தது.

இதன் பிறகு நடந்தவற்றை எங்கள் நாகரிகத்தின் உச்சம் என்றே சொல்வேன். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சில நாட்களில் காவல் குடிலுக்குப் பக்கத்தில் புத்தம்புது வண்டி வந்து நின்றது. பளபளவென்ற பானை, புதுக் கண்ணாடி, நெற்றியில் பெரிய எழுத்தில் 'உபயம்: பாக் ப்ரமுதியோ குடும்பத்தினர்'. தலைவரின் வள்ளல் தன்மையைப் பாராட்டி நாங்கள் இன்னொரு தீர்மானம் போட்டோம். காங் வாகிமின் பழையபடி 'டிங் டிங்' என்று தட்டிக்கொண்டு வருகிறார். வாங்குகிறவர்களிடம் நன்றாகத்தான் பேசுகிறார். என் கிண்ணத்தில் மட்டும் ஓர் உருண்டை அதிகமாகப் போடுகிறார். அது தொண்டையில் இறங்குவதில்லை.

புதுக் கம்ப்யூட்டரும் நன்றாகவே ஓடுகிறது. கண் மூடித் திறப்பதற்குள் எழுந்துகொள்கிறது. நிகேன் சொன்னபடியே அந்தச் சூயிங்கம் பட்டை ஒரே வாரத்தில் நிரம்பிவிட்டது. அதன் பிறகு கேமரா எல்லாவற்றையும் பார்க்கிறது, எதையும் வைத்துக்கொள்வதில்லை. இதுபற்றி இதுவரை எந்தப் புகாரும் வரவில்லை.

பழைய டிஸ்க்கைக் கொட்டகையின் கண்ணாடி அலமாரியில், பம்பின் கைப்பிடிக்குப் பக்கத்தில், மல்லிகைச் சரத்தோடு வைத்திருக்கிறோம். அது இப்போது சுற்றுவதில்லை. சத்தம் போடுவதில்லை. தான் கண்ணால் கண்ட எதையும் யாரிடமும் சொல்வதில்லை. பதினோரு வருடம் இங்கே இருந்தும் அதற்குக் கைவராத பண்பாடு கடைசியில் கைவந்துவிட்டது. இப்போதுதான் அது எங்கள் பேட்டைக்காரன் ஆகியிருக்கிறது.